மனமும் மாரடைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் எல்லாவற்றுக்கும் டென்ஷன்தான் காரணம் என்கிறார்கள். சிலர் மனதுக்கும் இதயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறார்கள். இரு சாராருமே சிகரெட் பற்றிய பேச்சை எடுப்பதில்லை. கேட்டவர்களின் போக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் மருந்தைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

மாரடைப்பு என்றால் குழாய் அடைத்துக்கொள்வது. அதில் மனதுக்கு என்ன வேலை?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சேர்ந்து படிகின்றன. அந்தப் படிவின் மேலுறை கிழிந்தால் அங்கே ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி குழாயை அடைத்தால் மாரடைப்பு. இதில் மனம் இரண்டு வழிகளில் நுழைகிறது.

முதல் வழி உடலுக்குள்ளேயே இருக்கிறது. பயமோ கோபமோ வரும்போது அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. துடிப்பு வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் பாதகமில்லை. மாதக்கணக்கில் நீடிப்பதுதான் கெடுதல். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் 293 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அதிகமாக இயங்கியவர்களுக்குத் தமனிகளில் அழற்சியும் அதிகமாக இருந்தது. பின்னாளில் இதய, ரத்தக்குழாய் நோய்களும் அவர்களுக்கே கூடுதலாக வந்தன.

இரண்டாவது வழி பழக்கங்கள். மனம் சோர்ந்தவர் நடக்கப் போவதில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறார், கூடுதலாகப் புகைக்கிறார், இரவில் விழித்திருக்கிறார், கையில் கிடைத்ததைச் சாப்பிடுகிறார். இரண்டில் இந்த வழியே அகலமானது என்பது என் கருத்து. தினமும் கண்ணெதிரே நடப்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

அப்படியானால் டென்ஷன்தான் முக்கியக் காரணம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. முதன்முறை மாரடைப்பு வந்த ஏறக்குறைய 15,000 பேரையும், வராத அதே அளவு எண்ணிக்கையினரையும் அது ஒப்பிட்டது. ஒன்பது காரணிகள் சேர்ந்து ஆண்களுக்கு வரும் மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்தையும், பெண்களுக்கு வருவதில் 94 சதவீதத்தையும் விளக்கின. புகைத்தல், ரத்தக் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மனநிலையும் சமூகச் சூழலும், காய்கனி குறைவு, உடலுழைப்பு இன்மை, மது என்பவை அந்த ஒன்பது.

மனநிலைக்கு அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. "பார்த்தீர்களா!" என்று இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். புகைப்பதற்கும் மூன்றில் ஒரு பங்கு, ரத்தக் கொழுப்புக்கு ஏறக்குறையப் பாதி என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஒரே ஆளிடம் பல காரணிகள் சேர்ந்திருப்பதால் இந்தப் பங்குகளைக் கூட்டி நூறாக்க முடியாது. தவிர, மாரடைப்பு வந்த பிறகு "கடந்த ஆண்டு மன அழுத்தம் இருந்ததா?" என்று கேட்டால், காரணம் தேடிக்கொண்டிருக்கும் மனம் "ஆமாம்" என்று சொல்லவே அதிகம் விரும்பும். ரத்தக் கொழுப்பின் அளவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

கோபப்பட்டால் அந்த இடத்திலேயே மாரடைப்பு வந்துவிடுமா?

கடுங்கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து மற்ற நேரங்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது. ஐந்து மடங்கு என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் எதன் ஐந்து மடங்கு என்று பார்க்க வேண்டும். இதய நோய் ஆபத்து குறைவாக உள்ள 10,000 பேர் மாதம் ஒருமுறை அப்படிக் கோபப்பட்டால், ஓர் ஆண்டில் கூடுதலாக ஒருவருக்கு இதயப் பாதிப்பு வரலாம் என்பதே அதே கட்டுரையின் கணக்கு. தினமும் பலமுறை கொதிப்பவருக்கும், ஏற்கெனவே குழாயில் படிவு உள்ளவருக்கும் கணக்கு மாறும்.

பெருங்கூட்டத்தின் உணர்ச்சியிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரநிலைகள் இரண்டரை மடங்குக்கு மேல் கூடின. முன்பே இதய நோய் இருந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்த நாளில், நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 ஆக இருந்த திடீர் இதய மரணங்கள் 24 ஆயின. அடுத்த சில நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிர்ச்சி, ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. விளிம்புக்குக் கொண்டுவந்தது பல ஆண்டுகளின் வேலை.

எப்போதும் பரபரப்பாக இருக்கும் ஆட்களுக்குத்தான் இதய நோய் வருமாமே?

1950களின் இறுதியில் ஃபிரைட்மன், ரோசன்மன் என்ற இரண்டு அமெரிக்க இதய மருத்துவர்கள் சொன்ன "ஏ வகை ஆளுமை" என்ற கருத்து இது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அது நிற்கவில்லை. அதில் மிஞ்சியது பிறர் மீதான பகைமையும் ஓயாத கோபமும்தான். அந்த ஆராய்ச்சிக்குப் புகையிலை நிறுவனங்கள் தாராளமாகப் பணம் கொடுத்தன. ஆளுமைதான் காரணம் என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் அல்லவா?

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே அழுத்தம் அதிகம்?

பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் கடைநிலை ஊழியர்கள். அவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது வித்தியாசத்தின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கியது. அதைத் தொடர்ந்து வந்த இரண்டாம் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. வேலை அதிகம் என்பதைவிட, அதன் மீது தனக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதுதான் ஆளை அரிக்கிறது.

மனச்சோர்வால் இதய நோய் வருகிறதா, இதய நோயால் மனச்சோர்வு வருகிறதா?

இரண்டும் நடக்கின்றன. மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருக்கிறது. கனடாவில் 222 நோயாளிகளைப் பின்தொடர்ந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பிறகு பல ஆய்வுகள் சேர்ந்து, மாரடைப்புக்குப் பின் நிலைமை மோசமாவதற்கான ஆபத்துக் காரணிகளில் மனச்சோர்வையும் சேர்க்க வேண்டும் என்று 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைத்தது.

ஏன் மோசமாகிறது என்பதற்கு 2008இல் வந்த ஒரு விடை எனக்குப் பிடித்தமானது. இதயத் தமனி நோய் உள்ள 1,017 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பாதிப்புகள் அதிகம் வந்தன. ஆனால் உடற்பயிற்சி, புகைத்தல், மருந்தை ஒழுங்காக எடுத்தல் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எல்லாவற்றிலும் பெரிய பங்கு உடலை அசைக்காமல் இருந்ததற்கு. முதல் பதிலில் நான் சொன்ன இரண்டாவது வழி இதுதான்.

ஸ்டென்ட் வைத்தபின் எதிலும் பிடிப்பில்லை. இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, இது இயல்புதானே?

முதல் சில நாட்கள் அழுகையும் அச்சமும் தூக்கமின்மையும் இயல்புதான். இரண்டு வாரங்கள் தாண்டியும் நீடித்தால் விட்டுவிடக் கூடாது. மருத்துவர்கள் இரண்டே கேள்விகளில் தொடங்குவார்கள்: கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்தீர்களா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா? ஒன்றுக்காவது "ஆம்" என்றால் மேற்கொண்டு பேச வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

வீட்டார் இதை "ஓய்வெடுக்கிறார்" என்று எண்ணிக்கொள்வதுண்டு. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வு அல்ல.

மனச்சோர்வைக் குணப்படுத்தினால் அடுத்த மாரடைப்பைத் தடுக்கலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் இது. மாரடைப்பு வந்த 2,481 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. மனநல ஆலோசனையும், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் கொடுத்ததில் மனச்சோர்வு குறைந்தது. மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. 2018இல் கொரியாவிலிருந்து வந்த, 300 பேரைக் கொண்ட ஆய்வில் எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்கு எட்டு ஆண்டுகளில் இதயப் பாதிப்புகள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வு அது. "இதைச் சாப்பிட்டால் இதயம் காப்பாற்றப்படும்" என்று அதை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனச்சோர்வு தன்னளவிலேயே சிகிச்சைக்குரிய நோய். இதயத்தைச் சாக்காகக் காட்ட வேண்டியதில்லை.

மனநல மாத்திரைகள் இதயத்தைக் கெடுக்காதா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை மாரடைப்புக்குப் பிந்தைய நோயாளிகள் 369 பேரிடம் சோதித்து, பாதுகாப்பானது என்று 2002இல் அறிவித்தார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் மாரடைப்பு வந்தவர்களுக்குத் தவிர்ப்பார்கள். சிட்டாலோபிராமுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. செர்ட்ரலின் வகை மாத்திரைகள் ஆஸ்பிரினோடும் ரத்தம் உறையாமைக்கான மருந்துகளோடும் சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடலாம். பேராக்ஸெடின், ஃபுளூவாக்ஸெடின் இரண்டும் இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலால் மாத்திரையின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். ஆகவே இரண்டு மருத்துவர்களிடம் போகிறவர் இரண்டு சீட்டுகளையும் இருவரிடமும் காட்ட வேண்டும். பயந்து நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம்.

சிகரெட் பிடித்தால் மனம் அமைதியாகிறது. விட்டால் டென்ஷன் ஏறி, அதனாலேயே மாரடைப்பு வராதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அமைதி வருவது உண்மை. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். கடைசி சிகரெட்டுக்குப் பின் சில மணி நேரத்தில் நிக்கோடின் இறங்குகிறது. எரிச்சலும் அலைபாய்தலும் தொடங்குகின்றன. அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவனே வந்து ஒருநாள் தவணையைத் தள்ளுபடி செய்தால் நாம் அவனுக்கு நன்றி சொல்வதைப் போன்றது இது.

விட்டபின் முதல் வாரம் கடினம். பிறகு சில வாரங்களில் அந்த எரிச்சல் அடங்குகிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையில், புகைப்பதை விட்டவர்களுக்குத் தொடர்ந்தவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அதே போக்குதான். விடுவதற்கு உதவும் வரெனிக்ளின் மாத்திரை மனநிலையைக் குலைக்குமோ என்ற அச்சம் முன்பு இருந்தது. சுமார் 8,000 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனை அந்த அச்சத்துக்கு ஆதாரம் காணவில்லை.

"நாளைக்கு ஒன்றுதானே" என்பவர்களுக்கு: ஒரே ஒரு சிகரெட்டும், இருபது சிகரெட் தரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது. குறைப்பதற்கும் விடுவதற்கும் இடையே இதயத்தைப் பொறுத்தவரை பெரிய பள்ளம் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் விட்டால் இறப்பு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எந்த மாத்திரைக்கும் சளைக்காத பலன் இது.

மது கொஞ்சமாக அருந்தினால் மனதுக்கும் இதயத்துக்கும் நல்லது என்கிறார்களே?

பழைய ஆய்வுகளில் "குடிக்காதவர்" வரிசையில் நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அதனால் கொஞ்சம் குடித்தவர் ஆரோக்கியமாகத் தெரிந்தார். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. மது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும்.

நடைப்பயிற்சி மனதுக்கு உண்மையிலேயே மருந்தா?

மனச்சோர்வு இருந்த, 50 வயது தாண்டிய 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தி 1999இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்குச் செர்ட்ரலின், மற்றொன்றுக்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. மாத்திரை முதல் வாரங்களில் சற்று வேகமாக வேலை செய்தது. இதயத்துக்கான சான்று இன்னும் பழையது: லண்டன் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் 1953இல் காட்டினார்.

வாரத்துக்கு 150 நிமிடங்கள், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகம் என்பது பொது அளவு. சோர்ந்தவரிடம் இந்த எண்ணைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது இன்னொரு தோல்வியாகத்தான் அவருக்குத் தெரியும். தெருமுனைவரை, துணைக்கு ஒருவரோடு, நாளையும் அதே நேரத்தில் என்று தொடங்கலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பயிற்சியில் தொடங்குவது நல்லது. நடக்கையில் நெஞ்சு இறுகினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம்?

அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான தன் ஏழு அளவுகோல்களோடு எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது: பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். ரத்த அழுத்தம் கட்டுப்படாததற்கும் பகலில் மனம் மந்தமாக இருப்பதற்கும் அது ஒரே காரணமாக இருக்கக்கூடும்.

தியானமும் யோகாவும் செய்கிறேன். கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. தியானம் பதற்றத்தைக் குறைக்கலாம், ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கலாம். மருந்தோடு சேர்த்துச் செய்தால் நல்லது. ஏற்கெனவே படிந்த கொழுப்பின் மீது ஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை செய்யும் வேலையை அது செய்வதில்லை.

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. பதற்றமா, மாரடைப்பா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள முடியாது. பதற்றத் தாக்கு பொதுவாகப் பத்து நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணியும், விரல்கள் மரமரக்கும் என்பதெல்லாம் உண்மை. மாரடைப்பு வலி அழுத்துவதுபோல் இருந்து தாடைக்கும் கைக்கும் பரவும், வியர்க்கும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றின் வேடத்தில் மற்றொன்று வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், மேல்முதுகு வலி, அசாதாரணக் களைப்பு என்று வரலாம். இசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும்தான் பிரித்துச் சொல்லும். ஆம்புலன்ஸை அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.

பதற்ற நோய் என்று முன்பே சொல்லப்பட்டவருக்கும் மாரடைப்பு வரும். "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்ற வாக்கியம் ஆபத்தானது. சோதனைகள் சரியாக இருந்து, தாக்கு மீண்டும் மீண்டும் வந்தால் பதற்றத்துக்குச் சிகிச்சை எடுங்கள். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் பதற்றம் என்ற ஒன்று இருக்கிறது.

துக்கத்தில் இதயம் உடைந்துபோகும் என்பது கதைகளில்தானே?

1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ என்ற நிலை உண்டு. பெரிய அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடக் கீழறை முனையில் உப்பிச் செயலிழக்கிறது. மாரடைப்பைப் போலவே வலிக்கும், இசிஜியும் மாறும், ஆனால் ஆஞ்சியோவில் அதற்கேற்ற அடைப்பு இருக்காது. பாதிக்கப்படுவோரில் சுமார் 90 சதவீதம் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். பலரும் சில வாரங்களில் தேறுகிறார்கள். உயிரிழப்பும் நேர்வதுண்டு.

அசல் மாரடைப்பும் துக்கத்தைத் தொடர்ந்து வருகிறது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் அதன் ஆபத்து பல மடங்கு உயர்ந்து, நாளாக ஆகக் குறைகிறது. துக்க வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவருடைய மாத்திரை வேளையை யாராவது ஒருவர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா, தாத்தா எல்லோருக்கும் மாரடைப்பு. பழக்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?

மரபணு வழியில் அதிக ஆபத்து உள்ளவர்களையே தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. அவர்களில் நல்ல பழக்கங்கள் உடையவர்களுக்கு, இல்லாதவர்களைவிட ஆபத்து 46 சதவீதம் குறைவு. அப்பாவிடமிருந்து வருபவற்றில் சிகரெட்டும் சேர்ந்தே வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தீவிர மனநோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுப்பவருக்கு இதயப் பரிசோதனை தேவையா?

கண்டிப்பாக. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இதயமும் ரத்தக்குழாய்களும் அதில் பெரும் காரணம். ஓலன்ஸபின், குளோஸபின் போன்ற மனநோய் மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஐந்தையும் ஒழுங்காகப் பார்க்கக் கேளுங்கள். குளோஸபின் எடுப்பவர் புகைப்பதை விட்டால் ரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறும். விடும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அளவைச் சரிசெய்வார்.

வீட்டில் ஒரு மரணம் நடந்துவிட்டது. இதய நோயாளியான அம்மாவிடம் மறைக்கலாமா?

மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்றால் அந்தச் சில நாட்கள் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிலை சீரான பிறகும் மறைப்பதை நான் ஆதரிப்பதில்லை. எல்லோரும் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினால் அவர் இன்னும் கொடியதைக் கற்பனை செய்துகொள்வார். கடைசியில் தெரியவரும்போது துக்கத்தோடு ஏமாற்றப்பட்ட கசப்பும் சேரும்.

துக்கத்தின் முதல் நாளில் ஆபத்து கூடுகிறது என்று மேலே சொன்னதை மறக்கவில்லை. அதனால்தான் சொல்லும் விதம் முக்கியம். தொலைபேசியில் வேண்டாம். காலை மருந்தைச் சாப்பிட்ட பிறகு, உட்காரவைத்து, அவர் அதிகம் நம்பும் ஒருவர் நேரடியாகச் சொல்லட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அன்றிரவு அவரைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள்.